இருபத்து நாலாவது பிளகின்

“ஏம்மா, இதுல எதையெல்லாம் போட்டா எம் பிளாக் நல்லா இருக்கும்?”

ஆவுடையப்பன் நீட்டிய காகிதத்தில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பிளகின். வலைப்பூவில் மாட்டிக்கொள்கிற துணைக்கருவி. யூடியூப்பில் யாரோ சொல்லச் சொல்ல, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

மனுஷனுக்கு வயது அறுபத்திரண்டு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதியே முப்பது வருஷத்தைக் கழித்தவர். கோபம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். அவர் பேனா எதற்குமே மூடி ஒழுங்காக இருந்ததில்லை.

அவர் கேட்டது குருவம்மாளிடம். குலசாமி பெயரை வைத்தார்கள், அது தொழிலுக்கும் பொருந்திப் போனது. வயது முப்பத்தைந்துதான். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், லொடலொடவென்று ஒரு ஃபேன். கடலைமிட்டாய் வியாபாரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பாள். பிளாக் எழுத ஆசைப்படுகிறவர்களும் அவளிடம்தான் போவார்கள். பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கி வருவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

காகிதத்தை மேலிருந்து கீழே வாசித்தாள்.

“இது என்ன, பக்கம் பூரா பனி கொட்டுறது?”

“பாக்க அழகா இருக்கும்லா.”

“கோவில்பட்டியிலயா?”

அவர் பேனா மூடியைக் கடித்தார்.

“எந்த நாட்டுல இருந்து ஆள் வந்தாலும் அந்த நாட்டுக் கொடியைக் காட்டுறது?”

“அது கண்டிப்பா வேணும்.”

“யாரு வரணும் அண்ணாச்சி?”

“யாரு வந்தா என்ன? உலகமே வரட்டும்.”

காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு வாங்க.”

மறுநாள் வந்தார்.

“யாரு வரணும்?”

“டிப்போ ஆளுங்க. சொந்தக்காரங்க. நம்ம ரூட்டுல போனவங்க வந்தவங்க.”

“நாளைக்கு வாங்க.”

“இது என்னம்மா அநியாயம்! டிக்கெட் எடுத்தவனைப் பாதி வழியில இறக்கி விடுற மாதிரில்லா இருக்கு.”

அவள் திரையைப் பார்த்து வேலையைத் தொடர்ந்தாள். படியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டது.

மூன்றாம் நாள் அவர் காகிதத்தை நீட்டவில்லை. வாசலிலேயே நின்றார்.

“எம் மக வரணும்.”

குருவம்மாள் எழுந்து ஃபேனை நிறுத்தினாள். அந்தச் சத்தத்தில் எதுவும் சரியாகக் காதில் விழாது.

மகள் பெயர் வடிவு. ஒரே பிள்ளை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவர் வேண்டாம் என்று சொன்ன ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போனது ஐந்து நாற்பது மதுரை வண்டியில். அன்றைக்கு ட்யூட்டியில் இருந்தது அவர்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் அவரைப் பார்த்தாள்.

“நானும் பாத்தேன். பாத்துக்கிட்டே டைம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி போயிட்டு.”

அப்புறம் ஃபோன் நம்பரை மாற்றினார். வீட்டை மாற்றினார். அவளோடு பேசிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரோடும் பேச்சை விட்டார். அப்படி ஒரு வீம்பு.

போன ஐப்பசியில் அவர் மனைவி பிச்சம்மாள் கண்ணை மூடினாள். மகளுக்குச் சொல்லி அனுப்ப ஒரு விலாசம் இல்லை. வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிறாள் என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது.

“சாகுறதுக்கு முந்தி இவ சொன்னா. புள்ள கண்ணுல படுற மாதிரி எங்கயாவது எழுதி வைங்க, என்னைக்காவது ஊர் நெனப்பு வந்து தேடுவா, அப்பப் படிப்பான்னு.”

குருவம்மாள் கையை நீட்டினாள். அவர் காகிதத்தைக் கொடுத்தார். இருபது பெயர்களை அடித்துவிட்டு மூன்றை மட்டும் வைத்தாள்.

“ஒண்ணு, நீங்க எழுதுனது அழிஞ்சு போகாம தினமும் காப்பி எடுத்து வைக்கும். இன்னொண்ணு, மாத்திரை விக்கிறவன், லாட்டரிக்காரன் கொட்டுற குப்பையைப் பிடிச்சு வைக்கும். மூணாவது, கருத்து எழுதுற இடத்துல தமிழ்லயே அடிக்க விடும். வெளிநாட்டுல இருக்கிற புள்ளைகிட்ட தமிழ் கீபோர்டு இருக்கோ என்னவோ.”

“அந்தக் கொடி?”

“கொடியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க. எழுத மாட்டீங்க.”

“மூணு போதுமா?”

“ஒரு ஆளு வர்றதுக்கு எத்தனை வாசல் வேணும்?”

தை மாதம் ‘கோவில்பட்டி டைம் கீப்பர்’ என்று பிளாக் தொடங்கியது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாக எழுதினார். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சண்டை பிடித்து ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போன வக்கீல். டிக்கெட் எடுத்த ஆட்டுக்குட்டி. மழையில் நின்றுபோன கடைசி வண்டியில் பிறந்த குழந்தை. ஆட்கள் தேடி வந்து படித்தார்கள். பிரியமாகக் கருத்து எழுதினார்கள். அவர் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எழுதினார். ஒருவரையும் விட்டதில்லை.

வடிவு வரவில்லை.

பங்குனியில் ஒருத்தன் எழுதினான்: ‘பஸ் கதையெல்லாம் சரி டைம் கீப்பரே, மாப்பிள்ளை எப்படி இருக்கார்?’ மாப்பிள்ளையின் பெயரையும் போட்டு எழுதியிருந்தான். மறுநாள் அதே பெயரைப் போட்டு இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். ஊரில் வேலையில்லாதவர்களுக்கா பஞ்சம்?

ஆவுடையப்பன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். கையில் அதே காகிதம். கடைசியில் புதிதாக ஒரு பெயர், இருபத்து நாலாவது.

“இதைப் போடு தாயி. நாம ஒரு வார்த்தையைக் குடுத்துட்டா, அந்த வார்த்தை இருக்கிற எதுவும் உள்ள வராதாம்.”

“எதுக்கு அண்ணாச்சி? வர்றதை வாசிச்சுப் பாத்து, வேண்டாதத நீங்களே தள்ளிருங்க.”

“வாசிக்கவே கூடாது. அந்தப் பேரு என் கண்ணுல படக் கூடாது.”

“குப்பைத்தொட்டில போகச் சொல்லலாம். கொஞ்ச நாள் அதுல கிடக்கும். தேவைன்னா எடுத்துப் பாக்கலாம்.”

“தொட்டியிலயும் கிடக்கக் கூடாது. வாசல்லயே எறியணும்.”

குருவம்மாள் பிளகினை இறக்கி மாட்டினாள்.

“பேரைச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷமா என் வாயால சொன்னதில்ல.”

“அப்ப நீங்களே அடிங்க.”

கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவர் ஒற்றை விரலால் அடித்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை.

“முழுப் பேரா?”

“கூப்பிடுற பேரு. அதானே எல்லாவனும் எழுதுறான்.”

கேலி நின்றுபோனது. மனுஷனுக்கு நிம்மதி.

நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. பிரியமாக எழுதிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வந்ததெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற கருத்து. ‘அந்த வண்டி நம்பர் தப்பு.’ ‘ஓவரா பீத்திக்காதீங்க.’ ‘அந்தக் காலத்துல நீர் காட்டின அதிகாரத்தை ஊர் மறக்கலை.’ அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘நன்றி, மீண்டும் வருக’ போட்டார். மகள் எந்தக் கருத்தை எப்போது படிப்பாளோ, அப்பா மரியாதையாகப் பேசுகிறார் என்று தெரியட்டும் என்ற நினைப்பு.

ஐப்பசியில் மனைவியின் முதல் வருஷத் திதி. அன்றைக்குத்தான் அவர் தைரியம் வந்து எழுதினார். தலைப்பில் ஒரு சொல்தான்: ‘பிச்சம்மாள்’. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், கடைசியாக என்ன கேட்டாள். எல்லாம். கடைசி வரியில், ‘வடிவு, அம்மா போய்விட்டாள்’ என்று எழுதினார்.

‘ஆழ்ந்த இரங்கல்’ என்று பதினோரு பேர் எழுதினார்கள். ‘பெத்த பொண்ணை விரட்டுன வீட்டுல வேற என்ன நடக்கும்’ என்று ஒருத்தன் எழுதினான்.

வடிவு எழுதவில்லை.

மார்கழியில் அவர் மாடியேறி வந்தபோது கையில் காகிதம் எதுவும் இல்லை.

“பிளாக்கை அழிச்சிரு தாயி.”

“ஏன்?”

“எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவ படிக்கலைன்னா, எழுதி என்ன பிரயோசனம்? படிச்சிட்டுத்தான் பேசாம இருக்கான்னா... பெத்தவ செத்தான்னு படிச்சும் ஒரு வார்த்தை எழுதலைன்னா, நான் யாருக்கு எழுதுறேன்?”

குருவம்மாள் ஃபேனை நிறுத்தினாள்.

“அவளை விடு. ஊர்ல ஒரு பய நல்லபடியா எழுத மாட்டேங்கான். நான் அப்படி என்ன பாவம் பண்ணிட்டேன்? எட்டு மாசமா பிரியமா ஒரு எழுத்து இல்ல.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட.”

“எட்டு மாசமாவா?”

“பங்குனிக்கு அப்புறம் கிடையவே கிடையாது.”

அவள் தன் ஃபோனை எடுத்தாள். அவருடைய பிளாக்கைத் திறந்து, கருத்து எழுதுகிற இடத்தில் அடிக்கத் தொடங்கினாள்.

“என்னம்மா எழுதுற?”

“உங்களுக்கு ஒரு கடுதாசி.” அடித்ததை வாசித்துக் காட்டினாள். “‘அன்புள்ள அண்ணாச்சிக்கு, உங்க எழுத்தை விடாம வாசிக்கேன். நிறுத்திராதீங்க. குருவம்மாள்.’”

அனுப்பினாள்.

மேஜை மேல் கிடந்த அவர் ஃபோன் அசையவில்லை. யாராவது கருத்து எழுதினால் அது மணியடிக்கும். இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். அடிக்கவில்லை.

குருவம்மாள் இன்னொன்று அடித்தாள். இதையும் வாசித்தாள்.

“‘ஏ கிழட்டு மனுஷா, உமக்கு வேற ஜோலி கிடையாதா?’”

அனுப்பிய கையோடு அவர் ஃபோன் மணியடித்தது.

ஆவுடையப்பன் எடுத்துப் பார்த்தார். வாசித்தார். முகம் சுருங்கியது.

“ஏச்சு மட்டும் கரெக்டா வந்துட்டு. முதல்ல நல்லபடியா எழுதுனியே, அது எங்க?”

அவள் முதல் கடிதத்தையே திரும்ப அடித்தாள். தொடக்கத்தில் இருந்த ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, ‘அண்ணாச்சிக்கு’ என்று ஆரம்பித்தாள். அனுப்பினாள்.

மணியடித்தது.

எதற்கும் அசையாதவள் என்று ஊரில் பெயர் வாங்கிய குருவம்மாள், ஃபோனைப் பிடித்திருந்த கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பேரு என்ன அண்ணாச்சி?”

“எந்தப் பேரு?”

“அன்னைக்கு நான் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தப்ப அடிச்சீங்களே.”

“அதை நான் வாயால...”

“சொல்லுங்க.”

அவர் பேனா மூடியைத் தேடினார். சட்டைப்பையில் பேனா இல்லை.

“அன்பழகன்.”

“கூப்பிடுற பேரு?”

“அன்பு.”

குருவம்மாள் மேஜையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். பெரிய எழுத்தில் ‘அன்புள்ள’ என்று எழுதினாள். அவர் முன்னால் வைத்து, கடைசி இரண்டு எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள்.

அவர் பார்த்தார்.

அவள் விரலை எடுத்தாள். ‘அன்புடன்’ என்று கீழே எழுதினாள். மறுபடியும் கடைசி எழுத்துகளை மறைத்தாள்.

“போதும் தாயி. போதும்.”

“பேரைக் கேக்காம திரும்பி உக்காந்தது என் தப்பு,” என்றாள் அவள். “கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

“எறிஞ்சதெல்லாம் எங்க கிடக்கும்?”

“எங்கயும் கிடக்காது. யாரு, என்னைக்குன்னு மட்டும் அது எழுதி வைக்கும்.”

திறந்தாள். பட்டியல் நீளமாக ஓடியது. பெயரும் தேதியும் மட்டும். எட்டயபுரம் வாத்தியார் ஒருவர். கழுகுமலையிலிருந்து சுப்புத்தாய் என்று ஒருத்தி. டிப்போவில் அவரோடு வேலை பார்த்த மூக்கையா, பதினாறு தடவை. செத்துப்போய்விட்டானோ என்று அவர் நினைத்திருந்த மூக்கையா.

அவர் விரல் திரைமேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

ஆடி மாதத்தில் ஒரு தேதி. வடிவு.

ஆவணியில் ஒன்று. வடிவு.

ஐப்பசி. திதி அன்றைக்கு. வடிவு. வடிவு. வடிவு. வடிவு.

இரண்டு நாள் கழித்து, இன்னொன்று.

அதற்கப்புறம் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. குருவம்மாள் கடைசி வரை இறக்கிக் காட்டினாள். மேலே ஏற்றி மறுபடியும் இறக்கினாள்.

“தினமும் காப்பி எடுத்து வைக்கும்னியே? அந்தப் பிளகின்ல இருக்கும்லா?”

“வந்து சேந்ததைத்தான் காப்பி எடுக்கும் அண்ணாச்சி. இது வந்து சேரவே இல்ல.”

“அவ ஈமெயில் விலாசமாவது?”

“அதையும் சேத்துத்தான் எறிஞ்சிருக்கு.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எறிஞ்சிட்டோம்னு அவளுக்குச் சொல்லுமா அது?”

“சொல்லாது. அனுப்புனா பக்கம் ஒரு தடவை புரளும். அவ எழுதுனது மட்டும் அங்க இருக்காது.”

“அப்ப அவ என்ன நெனச்சிருப்பா?”

குருவம்மாள் ‘பிச்சம்மாள்’ என்ற பக்கத்தைத் திறந்து, கீழே கருத்துகள் இருக்கும் இடத்துக்குப் போய், திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ஆழ்ந்த இரங்கல். அதன் கீழே, நன்றி, மீண்டும் வருக.

ஆழ்ந்த இரங்கல். நன்றி, மீண்டும் வருக.

பெத்த பொண்ணை விரட்டுன வீட்டுல வேற என்ன நடக்கும். நன்றி, மீண்டும் வருக.

ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர். தேதி. நேரம்.

“இந்தப் பயலுக்குக்கூடப் பதில் போட்டிருக்கேன் தாயி,” என்றார். அவர் தேம்பி அழுவதை குருவம்மாள் அன்றைக்குத்தான் பார்த்தாள். மனைவியைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். இருபத்து நாலாவது பிளகினைத் திறந்து தரச் சொன்னார். அதில் இருந்த மூன்றெழுத்தை, ஒற்றை விரலால், பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார்.

“இனிமே எழுதினா வந்திரும்லா?”

“வரும்.”

“எழுதுவாளா?”

“தெரியாது அண்ணாச்சி.”

அவர் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“ஏழு தடவை. அப்படி என்னதான் எழுதியிருப்பா தாயி?”

“ஒரு வார்த்தைதான் தெரியும்,” என்றாள் குருவம்மாள். “அது இருந்ததாலதான் உங்ககிட்ட வரலை.”